வீட்டுப் பூனையும் ஒரு நோயாளிதான்

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்பார்கள் எமது பெரியவர்கள். கிராமிய அபிவிருத்தி பற்றிப் பேசும் ஏடுகளில் கறவை மாட்டுக்கு ஒரு காலம் வந்தது. ஆட்டுக்கும் கோழிக்கும் காலம் வந்தது. தேனீக்கும் காளானுக்கும் கூட வந்துவிட்டது. எமது அடுப்படியில் சுருண்டு கிடக்கும் பூனைக்கு மட்டும் அந்தக் காலம் இன்னும் வரவில்லை. அது பால் தராது, முட்டை இடாது, சந்தையில் விலைபோகாது. ஆகவே அபிவிருத்திக் கணக்கேட்டில் அதற்கென்று ஒரு நிரல் கிடையாது.

இக்கட்டுரை அந்தப் பூனையைப் பற்றியது. அதிலும் நோயுற்ற பூனையைப் பற்றியது. வீட்டுப் பூனைக்கு நோய் வந்தால் எம்மவரிற் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பக்கத்து வீட்டார் சொல்லும் குளிசையை உடைத்து அதன் வாயிற் திணிப்பது ஒன்று. உரப்பையில் போட்டுக் கட்டி, இரவோடிரவாகச் சந்தையடியிலோ, மீன்வாடிப் பக்கத்திலோ, கோவில் வளவிலோ விட்டுவருவது மற்றையது. முதலாவது அறியாமை. இரண்டாவது கைகழுவல். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதுவே வீட்டில் வைத்து முறையாகப் பராமரிப்பது. அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பார்க்கும் கண்ணும், பொறுமையுள்ள கையும், சில அடிப்படை அறிவும் போதும். இந்த மூன்றாவது வழியை எமது குடும்பங்கள் பழகிக்கொள்ள வேண்டும் என்பதே எனது கருத்து.

நெல்லும் எலியும் பூனையும்

பூனையை நாம் தேடிப் போகவில்லை. பூனைதான் எம்மைத் தேடி வந்தது. மனிதன் பயிர் செய்து தானியத்தைச் சேமிக்கத் தொடங்கியதும் எலி வந்தது. எலியைத் தொடர்ந்து பூனை வந்தது. மத்தியதரைக் கடலிலுள்ள சைப்பிரஸ் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்திய மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2004 ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். பூனை அத்தீவுக்குரிய விலங்கன்று. கடல் கடந்து மனிதரே கொண்டுசென்றிருக்க வேண்டும். அவ்வளவு பழைய உறவு இது.

வன்னியிலும் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் அறுவடை முடிந்து நெல்மூட்டை வீட்டுக்குள் வரும்போது அதே உறவுதான் தொடர்கிறது. எலி தின்னும் நெல் மட்டுமன்று எமது நட்டம். எலியின் சலத்தால் பரவும் எலிக்காய்ச்சல் 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் பெருமளவிற் பரவியபோது, அந்நோய் கண்டதாகச் சந்தேகிக்கப்பட்டோர் 7,000 பேருக்கு மேல் பதிவாயினர். பூனை இருந்தால் எலிக்காய்ச்சல் வராது என்று கூற நான் வரவில்லை. வயற் சேற்றில் தொற்றும் நோயை வீட்டுப் பூனை தடுக்க முடியாது. ஆனால் நெல்மூட்டைக்கு அருகே எலிநஞ்சு வைக்கும் வீட்டையும், அங்கே ஒரு பூனையைப் படுக்கவிடும் வீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சிறுபிள்ளை தவழும் வீட்டுக்கு எது பாதுகாப்பு என்பதை விளக்கத் தேவையில்லை. இப்படிச் சம்பளமின்றி எமக்கு உழைக்கும் ஒரு சீவன் நோயிற் படுத்தால், அதற்கு நாம் செலுத்தவேண்டிய கடன் ஒன்றும் இல்லையா?

“மனிதனுக்கே மருந்தில்லை”

இக்கேள்விக்கு எதிர்க்கேள்வி உடனே எழும். “மனிதனுக்கே மருந்தில்லாத நாட்டில் பூனைக்கு வைத்தியமா?” நியாயமான கேள்வி. 2022 ஆம் ஆண்டில் மருந்துக்கும் எரிபொருளுக்கும் நாடு பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்றும் ஒரு நாட்கூலிக்காரர் தமது தாயாரின் நீரிழிவுக் குளிசைக்கும் பிள்ளையின் கொப்பிக்கும் இடையே பணத்தைப் பங்கிட முடியாமல் தவிக்கிறார். அவரிடம் போய், பூனைக்கு ஓட்டோ பிடித்து நகரத்துக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்வது அறமாகாது. நகைகளை ஈடுவைத்தும் வட்டிக்கு வாங்கியும் பூனைக்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தின் உணவையும் மருந்தையும் தாண்டிச் செல்லும் செலவுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை ஒவ்வொரு குடும்பமும் ஒளிவின்றிப் பேசித் தீர்மானிப்பது நல்லது.

ஆயினும் அந்தக் கேள்வி ஒரு தவறான கணக்கின் மேல் நிற்கிறது. பூனையின் பெரும்பாலான சிறு நோய்களுக்கு முதலில் வேண்டியது மருந்தன்று, பராமரிப்பே. சூடான ஓரிடம், சுத்தமான தண்ணீர், வாசனையுள்ள சிறிதளவு உணவு, கண்ணையும் மூக்கையும் துடைத்துவிடும் ஒரு கை. இவற்றைப் பூனைக்குக் கொடுப்பதால் எந்த மனிதனுடைய மருந்தும் குறைந்துவிடாது. உண்மையில், பணத்தை வீணாக்குவதும் உயிரைப் போக்குவதும் அறியாமற் கொடுக்கப்படும் மருந்துதான்.

பூனை நோயை மறைக்கும்

நாய்க்கு நோய் வந்தால் அது முனகும். எசமானின் காலடியில் வந்து கிடக்கும். பூனை அப்படியன்று. அது வேட்டையாடும் விலங்காயினும், தன்னிலும் பெரிய விலங்குகளுக்குத் தானும் இரையாகக்கூடியது. ஆகவே தன் பலவீனத்தை வெளியிற் காட்டாது. கட்டிலுக்கு அடியிலும் விறகுக் குவியலுக்குப் பின்னாலும் ஒதுங்கிவிடும். நாம் கவனிக்கும் வேளையில் நோய் முற்றியிருக்கும். எனவே நோயைக் கண்டுபிடிப்பதற்கு அதன் வழக்கத்தை அறிந்திருப்பது இன்றியமையாதது.

வழக்கமாக வரும் நேரத்துக்குச் சாப்பிட வரவில்லையா? தன்னை நக்கித் துப்புரவாக்குவதை நிறுத்தி, மயிர் பொலிவின்றிக் குத்திட்டு நிற்கிறதா? முன்னிலும் அதிகமாகத் தண்ணீர் குடித்து, அதிகமாகச் சலம் விட்டு, நாளாக நாளாக மெலிகிறதா? வயதான பூனைகளில் இது சிறுநீரகம் தளர்வதன் அடையாளமாக இருக்கலாம். கண்ணின் உள்மூலையிலிருந்து வெண்மையான சவ்வு ஒன்று மேலெழுந்து நிற்கிறதா? இவை அனைத்தும் செலவின்றிக் கண்ணாற் காணக்கூடியவை.

இன்னும் இரண்டு சோதனைகளை எந்தப் பாடசாலைப் பிள்ளையும் செய்யலாம். பூனை உறங்கும்போது அதன் நெஞ்சு எழுந்து தாழ்வதை 15 செக்கன்கள் எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். நிமிடத்துக்கு 30 க்கு மேல் தொடர்ந்து வருமாயின் சுவாசத்தில் கோளாறு இருக்கலாம். அடுத்து, தோள்களுக்கு இடையேயுள்ள தோலை மெல்லத் தூக்கி விட வேண்டும். நலமுள்ள பூனையின் தோல் உடனே பழைய நிலைக்குத் திரும்பும். கூடாரம்போல் நின்று மெதுவாகத் திரும்பினால் உடலில் நீர் குறைந்துவிட்டது என்பது பொருள். முதிய பூனையில் தோல் இயல்பாகவே தளர்ந்திருக்கும் ஆதலால், முரசையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அது ஈரமாயின்றிப் பசைபோல் ஒட்டினால் நீர் போதாது.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில் இடம். காற்றோட்டமுள்ள, ஆனால் காற்று நேரே வீசாத, நாயும் சிறுபிள்ளைகளும் தொந்தரவு செய்யாத ஒரு மூலை போதும். ஒரு கடதாசிப் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, பழைய சேலையையோ துவாயையோ மடித்து விரித்தால் படுக்கை தயார். மாரிகாலத்தில் ஒரு போத்தலில் வெந்நீர் நிரப்பி, துணியால் நன்றாகச் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். பூனை விரும்பினால் ஒட்டிக்கொள்ளவும் விரும்பாவிட்டால் விலகவும் இடமிருக்க வேண்டும். மணல் நிரப்பிய ஒரு தட்டத்தைச் சற்றுத் தள்ளி வைத்தால் மலசலத்துக்காக அது வெளியே அலைய வேண்டியதில்லை. சலம் போகிறதா, வயிற்றோட்டமா, இரத்தம் கலந்திருக்கிறதா என்பதையும் நாம் அறியலாம். வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் நோயாளியையும் அதன் தட்டையும் பிரித்து வைக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். ஒரு பூனைக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 மில்லி லீற்றர் நீர், உணவிலுள்ளதையும் சேர்த்துத் தேவைப்படும். மூன்று நான்கு கிலோ உள்ள எமது நாட்டுப் பூனைக்கு ஒரு தேநீர்க் கோப்பை அளவு என்று வைத்துக்கொள்ளலாம். தானாகக் குடிக்காவிட்டால், ஊசி கழற்றிய புதிய சிறிஞ்சினால் வாயின் பக்கவாட்டில், கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையே, ஒரு தடவைக்கு ஒரு மில்லி லீற்றர் அளவில் விட்டு, அது விழுங்கியபின் அடுத்ததை விட வேண்டும். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றுவது ஆபத்து. நீர் சுவாசப்பைக்குள் போய் நியூமோனியாவை உண்டாக்கும். மயங்கிக் கிடக்கும் பூனையின் வாயில் எதையும் விடக்கூடாது.

மூன்றாவது உணவு. பூனை வாசனையால் உண்ணும் விலங்கு. தடிமன் பிடித்து மூக்கடைத்த பூனை சாப்பிடாததற்குக் காரணம் பெரும்பாலும் பசியின்மையன்று. உணவின் மணம் தெரியாமையே. மூக்கைத் துடைத்து, முள் நீக்கிய அவித்த மீனையோ கோழி இறைச்சியையோ இளஞ்சூடாகச் சிறிதளவு வைத்தால் பல பூனைகள் உண்ணத் தொடங்கும். உப்பும் தூளும் வெங்காயமும் உள்ளியும் சேர்க்கக்கூடாது. வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களை அழிக்கும். பாலும் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள வெல்லம் செரிப்பதில்லை. ஏற்கெனவே உள்ள வயிற்றோட்டம் கூடிவிடும்.

நான்காவது துப்புரவு. அரை லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, பஞ்சை நனைத்துக் கண்பீளையையும் மூக்குச் சளியையும் துடைக்கலாம். ஒரு கண்ணுக்குப் பயன்படுத்திய பஞ்சை மறு கண்ணுக்குப் பயன்படுத்தலாகாது. சண்டையிற் பட்ட காயம் வீங்கிச் சீழ் கட்டினால் இதே உப்புநீரில் இளஞ்சூடாக ஒத்தடம் கொடுக்கலாம். ஆனால் சீழ் கட்டிய காயத்துக்கும் புழு வைத்த புண்ணுக்கும் வைத்தியரின் மருந்து வேண்டும். பூனையைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். பூனையின் படர்தாமரை மனிதருக்கும் தொற்றும். கர்ப்பிணித் தாய்மார் மணற்தட்டத்தைத் துப்புரவு செய்யலாகாது. வேறொருவர் அதை நாள்தோறும் செய்வது நன்று.

பனடோல் என்னும் நஞ்சு

இக்கட்டுரையில் வேறெதனை மறந்தாலும் வாசகர்கள் இதை மறக்கக்கூடாது. பனடோல் பூனைக்கு நஞ்சு. எமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றும் நொதியம் பூனையின் ஈரலில் போதியளவு இல்லை. அதனால் அம்மருந்து உடலில் தேங்கி, செங்குருதியைப் பிராணவாயுவைச் சுமக்க இயலாததாக்கிவிடுகிறது. முரசு கபில நிறமாகவோ நீலமாகவோ மாறும். முகமும் பாதங்களும் வீங்கும். மூச்சு வாங்கும். 500 மில்லி கிராம் குளிசை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. அன்போடு கொடுக்கப்பட்ட பாதிக் குளிசையும் ஆபத்தானதே. பிள்ளைகளுக்கான பாணி மருந்தும் இதுவேதான். தவறிக் கொடுக்கப்பட்டுவிட்டால் மணிக்கணக்கிற் காத்திராமல் மிருக வைத்தியரிடம் ஓட வேண்டும். எவ்வளவு கொடுத்தோம், எப்போது கொடுத்தோம் என்பதை மறைக்காமற் சொல்ல வேண்டும். மாற்று மருந்து உண்டு. ஆனால் காலந்தாழ்த்தினால் பயன் தராது.

அஸ்பிரினும் அவ்வாறே பூனையின் உடலில் நெடுநேரம் தங்கி நஞ்சாகும். மனிதருக்கான ஏனைய வலிநிவாரணக் குளிசைகளும் வேண்டாம். தெள்ளுக்கும் சொறிக்கும் மண்ணெண்ணெய் பூசும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். பூனையின் மேல் எதைப் பூசினாலும் அது நக்கி உட்கொள்ளும் என்பதை மறந்துவிடுகிறோம். நாய்க்கான சில தெள்ளு மருந்துகளில் உள்ள பேர்மெத்ரின் என்னும் பொருள் பூனைக்கு வலிப்பை உண்டாக்கும். தடிமனுக்குப் பூசும் தைலங்களும், தரை கழுவும் கிருமிநாசினிகள் பலவும் இப்பட்டியலில் அடங்கும். வீட்டை அலங்கரிக்க வாங்கும் லில்லிப் பூவைப் பூனை கடித்தாலும் அதன் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும்.

ஒரு சிறு விலங்கை மனிதனின் சிறிய வடிவம் என்று எண்ணுவதாலேயே இத்தவறுகள் நேர்கின்றன. அதற்கு அதன் இயல்பு உண்டு. அந்த இயல்பை அறிந்து செய்வதே அன்பு.

காத்திருக்கக்கூடாத வேளைகள்

வீட்டுப் பராமரிப்புக்கு எல்லைகள் உண்டு. கடுவன் பூனை அடிக்கடி குந்தி முக்கியும் சலம் வராமல் துளித்துளியாகச் சிந்துமாயின் அது மலச்சிக்கலன்று, சலக்குழாய் அடைபட்டிருக்கலாம். அப்படியே விட்டால் இரண்டு மூன்று நாட்களில் இறந்துவிடும். அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும், வலிப்பும், ஓயாத சத்தியும், எலிநஞ்சையோ நஞ்சுண்ட எலியையோ தின்றதாகச் சந்தேகமும் அவ்வகையானவையே. குட்டி அரைநாள் உண்ணாவிட்டாலே தளர்ந்துபோகும். வளர்ந்த பூனை இரண்டு நாட்களுக்கு மேல் ஒன்றும் உண்ணாவிட்டால் ஈரலில் கொழுப்புப் படிந்து புதியதொரு நோய் தொடங்கக்கூடும். கொழுத்த பூனைக்கு இவ்வாபத்து அதிகம். “பட்டினி போட்டால் மாறும்” என்பது பூனைக்குப் பொருந்தாது.

எல்லாவற்றிலும் மேலானது விசர்நோய். இந்நோய் நாய்க்கு மட்டும் உரியதென்று எண்ணுவது பெருந்தவறு. சாதுவான பூனை காரணமின்றிப் பாய்ந்து கடித்தால், குரல் மாறினால், வீணீர் வடித்தால், தள்ளாடினால், அதனைப் பராமரிக்கப் போகாமல், தொடாமல், ஓர் அறையில் அடைத்துவிட்டு மிருக வைத்தியருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவிக்க வேண்டும். எந்தப் பூனை கடித்தாலும் கீறினாலும் காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடங்கள் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கடித்த பூனையை 10 முதல் 14 நாட்கள் வரை கட்டுப்பாட்டில் வைத்துக் கவனிக்கச் சொல்வார்கள். அதை அடித்துக் கொன்று புதைத்துவிட்டால் நோயிருந்ததா இல்லையா என்பதை அறியும் வழியையும் புதைத்தவர்களாவோம். இறந்துவிட்டால் அதன் தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திற் பரிசோதிக்கலாம். அதற்கான ஒழுங்குகளைப் பரிசோதகர் கூறுவார். நோய்க்குறி தோன்றியபின் விசர்நோய்க்கு மருந்தில்லை. முன்கூட்டியே ஏற்றிய ஊசி உயிரைக் காக்கும். ஆகவே உரப்பையிற் கட்டிச் சந்தையடியில் விடப்படும் நோயுற்ற பூனை பிறர் வீட்டுப் பிள்ளைக்கு அனுப்பப்படும் ஆபத்தாகவும் ஆகலாம். எமது வளவைத் துப்புரவாக்கி அயலவரின் வளவில் குப்பை கொட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பராமரிப்பு யார் தலையில்?

பராமரிப்பு என்று எழுதுவது எளிது. வீட்டில் அதைச் செய்வது யார்? விடியற்காலையில் எழுந்து சமைத்து, கூலிக்குப் போய், திரும்பிவந்து மாமியாருக்குக் கஞ்சி கொடுக்கும் தாயின் தலையிலேயே பூனையின் நோயும் ஏற்றப்படுமாயின், அது அப்பெண்ணுக்குச் செய்யும் அநீதியாகும். ஆகவே இவ்வேலை பங்கிடப்பட வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், ஆண்பிள்ளைகள் உட்பட, பெரியவர் மேற்பார்வையில் இதனை நன்றாகச் செய்வார்கள்.

ஒரு பழைய கொப்பியில் திகதி, உண்டது, குடித்தது, சலம், மலம், சுவாசம் என்று நிரல்கள் கீறி ஒரு பிள்ளையிடம் ஒப்படைத்துப் பாருங்கள். நோயை அவதானிக்கவும், எழுதிவைக்கவும், மாற்றத்தைக் கண்டுகொள்ளவும் அப்பிள்ளை கற்றுக்கொள்ளும். மிருக வைத்தியரிடம் போகும்போது அந்தக் கொப்பி பாதி வைத்தியமாகும். அதைவிடப் பெரிய பயன் ஒன்றுண்டு. நோயாளியின் பக்கத்தில் அவசரப்படாமல் இருப்பதை அப்பிள்ளை பழகுகிறது. நாளைக்கு அதே வீட்டில் ஓர் ஆச்சி படுக்கையில் விழும்போது, முகஞ்சுளிக்காமல் பக்கத்தில் இருக்கும் மனம் எங்கிருந்து வரும்? நோயுற்றதை உரப்பையிற் கட்டித் தூக்கியெறிவதைக் கண்டு வளர்ந்த பிள்ளையிடம் அதை எதிர்பார்க்கலாமா? மனிதரும் பூனையும் ஒன்றென்று சொல்லவில்லை. பயன்படாமற்போனதை எறிந்துவிடும் பழக்கம் ஓரிடத்தில் தொடங்கினால் அவ்விடத்தோடு நிற்பதில்லை என்றே சொல்கிறேன்.

விடைகொடுத்தல்

எல்லா நோயும் மாறுவதில்லை. முதுமையால் உருக்குலைந்து, உண்ணவும் நடக்கவும் இயலாது வலியில் கிடக்கும் பூனையை வைத்தியர் ஊசி மூலம் அமைதியாகச் சாகவைக்க முடியும். இதனைக் கொடுமை என்று கருதி மறுத்துவிட்டு, தண்ணீரில் அமிழ்த்தியோ, காட்டில் விட்டோ “இயற்கையாக” முடியவிடுவதே உண்மையில் கொடுமை. மிருகங்களை வதைப்பதைக் குற்றமாக்கும் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் 1907 ஆம் ஆண்டிலிருந்தே உண்டு. சட்டத்துக்கு அஞ்சியன்று, மனச்சாட்சிக்காகவே இதனைச் சிந்திக்க வேண்டும். வைத்தியரை அடையமுடியாத இடங்களில், சூடும் நீரும் அமைதியும் கொடுத்துப் பக்கத்தில் இருப்பதே எம்மால் இயன்ற கடமை.

பூனை இறந்தால் பிள்ளைகளிடம் “எங்கோ ஓடிவிட்டது” என்று சொல்லாதீர்கள். கிணற்றுக்குத் தூரமாக, நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்து, பிள்ளைகளையும் அழைத்து நிற்கச் செய்யுங்கள். யுத்தத்திலும் கடல்கோளிலும் பெரும் இழப்புகளைக் கண்ட சமூகம் எமது சமூகம். புதைக்கப்படாத, அழுது முடிக்கப்படாத சாவுகள் எவ்வளவு பாரமானவை என்பதை நாம் அறிவோம். சிறிய சாவை உண்மையோடு சந்திக்கப் பிள்ளைகளுக்கு இடங்கொடுப்பது நல்லது.

செய்யக்கூடிய மூன்று காரியங்கள்

முடிவாக, எமது கிராம அமைப்புகளிடம் மூன்று யோசனைகளை முன்வைக்க விரும்புகிறேன். ஒன்று: விசர்நோய்த் தடுப்பூசி முகாம் நடக்கும்போது நாயை மட்டும் கொண்டுபோகாமல், பூனைக்கும் ஏற்றுவார்களா என்று முன்கூட்டியே விசாரித்து அதனையும் கொண்டுபோக வேண்டும். ஒரு பழைய தலையணை உறையும் ஒரு கூடையும் போதும். இரண்டு: பிரதேச மிருக வைத்திய அலுவலகங்கள் இயல்பாகவே மாட்டையும் ஆட்டையும் முதன்மையாகக் கவனிக்கின்றன. மாதத்தில் ஒரு குறித்த நேரத்தைப் பூனைக்கும் நாய்க்கும் ஒதுக்கித் தருமாறும், கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு ஒரு நாளை ஒழுங்கு செய்யுமாறும் மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் ஒன்றாக எழுதிக் கேட்கலாம். ஐந்து வீட்டார் சேர்ந்து ஓர் ஓட்டோவிற் போனால் செலவும் ஐந்தாகப் பிரியும். மூன்று: பனடோல் பூனைக்கு நஞ்சு என்ற ஒரு வரியைச் சனசமூக நிலையங்களின் அறிவித்தற் பலகையில் எழுதிவைக்க வேண்டும். ஒரு சுண்ணக்கட்டியின் செலவில் பல உயிர்கள் தப்பும்.

வீதிகளும் குளங்களும் கட்டடங்களும் எமக்குத் தேவை. அவற்றை நாம் தொடர்ந்து கேட்போம். ஆனால் ஒரு கிராமம் முன்னேறியதா என்பதை வீதியின் அகலத்தைக் கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது. அங்கே வலியிற் கிடக்கும் ஒன்றைக் கண்டவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இன்றிரவு உங்கள் பூனை வழக்கமான நேரத்துக்குச் சாப்பிட வராவிட்டால், விளக்கை எடுத்துக்கொண்டு விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒருமுறை பாருங்கள்.